பஸ்ஸுக்கு டோ ஹிட்ச்: 12,000 ரூபாய் பட்டறை வேலையா, ஆன்லைன் ரெடிமேடா?

கேள்வி: பழைய பள்ளி பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, சமையல் மேடை வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 18½ அடி. இரண்டு புல்லட், ஒரு சின்ன ஜெனரேட்டர், இவற்றை டிரெய்லரில் ஏற்றிப் பின்னால் இழுத்துப் போக ஆசை. இங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் 12,000 ரூபாய்க்கு டோ ஹிட்ச், அதாவது டிரெய்லரை மாட்டும் கொக்கி, அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். ஆன்லைனில் ‘5 டன் தாங்கும்’ என்று போட்ட ரெடிமேட் ஹிட்ச் 9,000 ரூபாய். எதை வாங்கலாம்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பட்டறையில் அட்வான்ஸ் கொடுக்காமல் இருந்தால் நல்லது.

‘5 டன்’ என்பது அந்த இரும்புத் துண்டின் பலம். அதைப் பொருத்தப்போகும் இடத்தின் பலம் வேறு. பஸ்ஸைப் பொறுத்தவரை அந்த இடம்தான் சந்தேகம். பாடி கட்டும்போது நீளம் போதவில்லை என்றால், கம்பெனி கொடுத்த சேஸிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, பின்னால் மெல்லிய இரும்புச் சேனலை ஒட்டி நீட்டிவிடும் வழக்கம் உண்டு. சீட்டையும் ஆட்களையும் தாங்க அது போதும். டிரெய்லர் இழுக்க அதை நம்பக் கூடாது. டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, பின் பட்டா (ஸ்பிரிங்) முடிகிற இடத்திலிருந்து கடைசி வரை பாருங்கள். வெல்டிங் தழும்பு, தகட்டின் கனம் மாறும் இடம், துரு எல்லாம் தெரியும். ஒட்டு இருந்தால், ஹிட்சின் இரண்டு கைகளும் அந்த ஒட்டைத் தாண்டி முன்னால் போய் ஒரிஜினல் சேஸிஸைப் பிடிக்க வேண்டும். பட்டறைக்காரர் சொன்ன 12,000 ரூபாயில் இந்த நீளம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

எடையைப் பார்ப்போம். புல்லட் ஒன்று 190 கிலோவுக்கு மேல். ஜெனரேட்டரும் டிரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்தால் மொத்தம் 700 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் ரோட்டில் வாலாட்டும். அதாவது 70 முதல் 105 கிலோ. கொக்கி பின் அச்சுக்கு 10 அடி பின்னால் இருந்து, அதில் 100 கிலோ இறங்கினால், பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் தூக்குவதால் முன் அச்சில் குறைவது 54 கிலோதான். பஸ்ஸுக்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்லை.

தொல்லை வேறு இரண்டு இடத்தில். பின் ஓவர்ஹாங் (பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி) வீல்பேஸில், அதாவது இரண்டு அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தில், 60 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது விதி. உங்கள் வண்டிக்கு அது சுமார் 11 அடி. அவ்வளவு நீண்ட வால், ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது காரின் பின்பக்கத்தைவிட அதிகமாகத் தூக்கிப் போடும். ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது கொக்கி. இரண்டாவது, உயரம். பஸ் சேஸிஸ் உயரத்தில் இருக்கும். சின்ன டிரெய்லரின் கழுத்து தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கும். அதனால் கொக்கியைத் தகடு போட்டுக் கீழே இறக்குவார்கள். பிரேக் இல்லாத 700 கிலோ டிரெய்லர், அழுத்திப் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 350 கிலோ விசையோடு பின்னாலிருந்து தள்ளும். இறக்கிய தகட்டின் நுனியில் அந்தத் தள்ளு விழும்போது மேலே உள்ள கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) முறுக்கிக்கொள்ளும். தகட்டிலிருந்து முன்பக்கமாகச் சாய்வாக இரண்டு தாங்கு கம்பிகள் போனால்தான் நிற்கும். ரெடிமேட் ஹிட்ச் வாங்கினாலும் இந்த வேலையைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். ஆகவே 9,000 ரூபாய் என்பது பாதி விலை.

ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலை பக்கம் வேலை பார்த்துப் பழகிய வெல்டர்கள் நம் வட்டாரத்தில் நிறைய. கைவேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சேஸிஸ் பட்டையில் வெல்டிங் வேண்டாம், போல்ட்தான். துளையும் செங்குத்துப் பக்கத்தில் போட வேண்டும். மேல், கீழ் விளிம்பில் போட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் அடித்திருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் வேறு எதை வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், கடைக்காரர் சொல்லாமல் விடும் இரண்டு சங்கதிகள். கொக்கியின் நுனியில் உள்ள இரும்பு உருண்டையைத்தான் ‘பால்’ (ball) என்பார்கள். அது 50 மில்லிமீட்டரிலும் வரும், 2 இன்ச்சிலும் வரும். 2 இன்ச் என்பது 50.8 மில்லிமீட்டர். டிரெய்லரின் கப் (பால் மேல் கவிழும் கிண்ணம்) எந்த அளவோ அதே அளவு பால்தான் வாங்க வேண்டும். 2 இன்ச் கப்பில் 50 மில்லிமீட்டர் பால் போட்டால் லொடலொடவென்று ஆடும். இரண்டாவது, உங்கள் பஸ் 24 வோல்ட்டாக இருக்கலாம், ஜீப்புக்கென்று விற்கும் டிரெய்லரின் லைட்டுகள் 12 வோல்ட். அப்படியிருந்து நேராகச் சொருகினால் முதல் நாளே பல்பு போய்விடும்.

சட்டம் என்று பார்த்தால், கொக்கியைவிட டிரெய்லர்தான் பெரிய தலைவலி. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தனி இன்சூரன்ஸும் வேண்டும். விற்பவர் படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (சாலையில் ஓடத் தகுதியானது என்ற தயாரிப்பாளர் சான்று) தருவாரா என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் நடையைக் கட்டுங்கள். பஸ்ஸின் ஆர்.சி.யில் இன்னும் ‘பள்ளி பஸ்’ என்றே இருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஹிட்சின் படத்தை எடுத்துப்போய் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் பதில் வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு பைக்குக்காக டிரெய்லர் வேண்டாம். இன்னும் பாடி வேலை முடியவில்லை என்பதால், பஸ்ஸின் பின்பகுதியில் ஏழெட்டு அடியை மரத்தடுப்பு வைத்துப் பிரித்து, சாய்பலகை போட்டு பைக்கை உள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம். இதையும் ஆர்.சி. மாற்றத்தோடு ஒரே வரைபடத்தில் காட்டிவிடலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸைத் திருப்புவதே பெரும்பாடு. பின்னால் டிரெய்லரும் இருந்தால், எதிரே வண்டி வரும்போது ரிவர்ஸ் எடுக்க முடியாது. பஸ்ஸின் இழுவையில், டிரெய்லர் டயர் வெடித்தால்கூட ஓட்டுபவருக்குத் தெரியாது.

கேள்வி: அதே மாதிரி வண்டிதான் எங்களுடையதும். டிரெய்லர் இல்லாமல், ஜீப்பையே ராடு போட்டு பஸ்ஸுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கூடாது. ரிப்பேராகி நின்ற வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப் போகலாம். நன்றாக ஓடுகிற ஜீப்பை அப்படி ஊர் ஊராக இழுத்துப் போக இங்கே விதி இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஜீப்பை வீட்டில் யாராவது ஓட்டிக்கொண்டு பின்னால் வரட்டும்.