பைபாஸுக்குப் பிறகும் நெஞ்சு வலி: கத்தி வைக்காமல் என்ன செய்யலாம்?

பைபாஸ் முடிந்த அப்பாவுக்கு மாடி ஏறினால் இன்னும் நெஞ்சு இறுக்குகிறது, மறுபடி அறுவை சிகிச்சை முடியாது என்கிறார்கள், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு.

முதலில் மாத்திரைகளை இதய மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். பீட்டா பிளாக்கர், நைட்ரேட், ரானோலசின் போன்ற நெஞ்சு வலி மருந்துகளின் அளவை மாற்றவும் சேர்க்கவும் பெரும்பாலும் இடம் இருக்கும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மாடி ஏறுவதற்குச் சில நிமிடம் முன்பே வைக்கலாமா என்றும் கேளுங்கள். உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

அப்புறம் இஇசிபி (EECP), அதாவது வெளியிலிருந்து கால்களை அழுத்தி இதயத்துக்கு ரத்தம் அனுப்பும் சிகிச்சை. படுக்க வைத்து, கெண்டைக்கால், தொடை, இடுப்பில் பிபி பார்க்கும் பட்டை மாதிரி பெரிய பட்டைகளைக் கட்டுவார்கள். இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் அவை கீழிருந்து மேலாக இறுகி, ரத்தத்தை இதயத் தமனிகளுக்குத் தள்ளும்; இதயம் சுருங்கும்போது தளரும். ஒவ்வொரு துடிப்புக்கும் இப்படித்தான். வாரம் 5 நாள், தினம் 1 மணி நேரம், மொத்தம் 35 முறை, சுமார் 7 வாரம். 139 பேரிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில் வலி வரும் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் இது அடைப்பைக் கரைக்காது. அப்படி விளம்பரம் செய்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். காலில் ரத்தக்கட்டி, அயோர்ட்டா (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வால்வில் கசிவு, கட்டுப்படாத துடிப்புக் கோளாறு இருந்தால் கூடாது.

மருத்துவர் சொன்ன அளவில் நடைப்பயிற்சியும் உதவும். ஓய்விலேயே வலி வந்தாலோ, மாத்திரைக்கு அடங்காவிட்டாலோ, உடனே 108ஐ அழையுங்கள்.