பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் சிமிலி, மெட்டஃபர் எல்லாம் குழப்புகிறது. எப்படிப் படிக்க வைப்பது?

மகள் வரையறைகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள், ஆனால் பாட்டைக் கொடுத்து இதில் என்ன அணி என்று கேட்டால் மாற்றி எழுதிவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணப் பெயர்களும் தடுமாறுகின்றன என்று சொல்லியிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், எங்கள் வீட்டு முகப்பில் பாய் விரித்து, மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே சிக்கல்தான்.

உங்கள் மகளுக்கு இது புதுப் பாடம் இல்லை. தமிழ் வகுப்பில் படித்த உவமை அணிதான் சிமிலி, உருவக அணிதான் மெட்டஃபர். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடி எங்களுக்குப் பக்கத்து ஊர். கம்பன் விழாவில் ஓர் உவமையைக் கேட்டுக் கை தட்டுகிற பிள்ளை, மறுநாள் சிமிலி என்றதும் திகைத்து நிற்பதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று அதற்கு யாருமே சொல்லவில்லை.

சிமிலியில் பிள்ளைகள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். லைக், ஆஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் கோடு போட்டுவிடுவார்கள். "ஐ லைக் மேங்கோஸ்" என்பதற்குக்கூட ஒரு பையன் சிமிலி என்று எழுதினான். அங்கே லைக் என்றால் "பிடிக்கும்" என்று பொருள், "போல" என்று இல்லை. "அவன் அவனுடைய அண்ணன் அளவுக்கு உயரம்" என்பதும் சிமிலி ஆகாது, அது வெறும் அளவு. வேறு வேறு இனத்துப் பொருள் இரண்டை ஒரு பொதுத்தன்மைக்காகச் சேர்த்தால்தான் உவமை. அண்ணனோடு ஒப்பிட்டால் அளவு, பனைமரத்தோடு ஒப்பிட்டால் உவமை.

மெட்டஃபரில் "போல" இருக்காது. "மலர் போன்ற முகம்" உவமை, "முகமலர்" உருவகம். இதை நான் புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லை. ஒருநாள் பாடம் நடக்கும்போது எங்கள் ஆயா (பாட்டி) வளவிலிருந்து, அதாவது வீட்டின் உள்கட்டிலிருந்து வந்து, ஒரு பெண்ணைப் பார்த்து, "என்னத்தா, முகம் வாடிப்போய்க் கிடக்கு?" என்றார். வாடுவது எது என்று கேட்டேன். "பூ, டீச்சர்." அப்படியானால் ஆயா உன் முகத்தை என்னவாக நினைத்தார்? அவள் கொஞ்ச நேரம் யோசித்து, "பூவாகவே" என்றாள். அந்த ஏகாரம்தான் மெட்டஃபர். அப்புறம் அவள் அதில் தப்பே விடவில்லை.

இனி, தமிழும் ஆங்கிலமும் பிரிகிற இடங்கள். மதிப்பெண் போவது இங்கேதான், அதனால் இவற்றை மட்டும் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

பெர்சானிஃபிகேஷன் என்றால் தற்குறிப்பேற்ற அணி என்று பலர் எழுதிவைத்திருப்பார்கள். முழுக்கச் சரியில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில் கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனை "வராதே" என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் சொல்கிறார். இயல்பாக நடப்பதன் மீது கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார். கொடிக்குக் கை வந்துவிட்டதால் இது பெர்சானிஃபிகேஷனும்தான். ஆனால் "காற்று காதில் ரகசியம் பேசியது" என்று மட்டும் இருந்தால், காரணம் எதுவும் ஏற்றவில்லை, அப்போதும் ஆங்கிலத்தில் அது பெர்சானிஃபிகேஷன். உயிரில்லாததோ விலங்கோ மனிதர் செய்வதைச் செய்தால் போதும்.

அலிட்டரேஷனை மோனை என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். சிட்டி, கேட் இரண்டும் சி என்ற எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் இல்லை. ஃபோன், ஃபேன் இரண்டும் வேறு எழுத்து, ஆனாலும் உண்டு. வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ரைம் என்பது எதுகை அல்ல, அடிகளின் கடைசியில் வரும் இயைபு. ரைம் ஸ்கீம் எழுதும்போதும் வரிக் கடைசியை மட்டும் கேட்டால் போதும்.

ஒலியைச் சொல்லாலேயே காட்டுவது ஆனமட்டோபியா. அதற்கு இரட்டைக்கிளவியைக் காட்டுவேன், ஒரு எச்சரிக்கையோடு. முகப்பில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைத் தடவச் சொல்வேன். வழவழ. மழை பெய்தால் வளவு முற்றத்தில் சடசட. இரண்டும் இரட்டைக்கிளவி, ஆனால் சடசட மட்டுமே காதில் விழுகிற ஒலி. ஆனமட்டோபியா அது ஒன்றுதான்.

இலக்கணப் பெயர்களில் நவுன், வெர்ப் பெரிய தொந்தரவு இல்லை. சப்ஜெக்ட் எழுவாய், ஆப்ஜெக்ட் செயப்படுபொருள். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும், அவ்வளவுதான். பிரிபொசிஷன் நம் வேற்றுமை உருபு செய்கிற வேலையைப் பெயருக்கு முன்னால் நின்று செய்கிறது: "வீட்டில்" என்பதில் "இல்" பின்னால், ஆங்கிலத்தில் "இன்" முன்னால்.

அட்ஜெக்டிவ், அட்வெர்ப் குழப்பத்துக்குத் தமிழே நல்ல உரைகல். சொல்லைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "அழகான" என்று ஆன-வில் முடிந்தால் அட்ஜெக்டிவ், "அழகாக" என்று ஆக-வில் முடிந்தால் அட்வெர்ப். கடைசியில் எல்ஒய் இருந்தாலே அட்வெர்ப் என்று நம்பும் பிள்ளை "ஃப்ரெண்ட்லி"யில் விழும். தமிழில் சொன்னால் "நட்பான", அட்ஜெக்டிவ் என்று உடனே தெரிந்துவிடும்.

இந்த வாரம் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பாட்டை எடுங்கள். அணியின் பெயர் எதையும் கேட்காதீர்கள். எது எதோடு ஒப்பிடப்படுகிறது, எது மனிதர் மாதிரி நடந்துகொள்கிறது, எந்த ஒலி திரும்பத் திரும்ப வருகிறது என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். பெயரை அப்புறம் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.