சிங்கி இறாலோட நரம்புல கேயாஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் மன்னார்குடில பிசிக்ஸ் படிக்கிறேன். கேயாஸ்னாலே முன்கூட்டி சொல்ல முடியாதுங்கிறாங்க. அப்புறம் எப்படி நியூரல் நெட்வொர்க் வச்சு நரம்புல நடக்குற கேயாஸ மாடல் பண்றாங்க?

பதில்: ரொம்ப தூரத்துக்குதான் சொல்ல முடியாதும்மா, கொஞ்ச தூரத்துக்கு சொல்லலாம். கேயாஸ் ஒண்ணும் குருட்டாம்போக்கு இல்ல, விதி கறாரா இருக்கும், ஆனா ஆரம்பத்துல துளி வித்தியாசம் இருந்தாலும் அது மளமளன்னு பெருகிரும். 1988ல சோம்போலின்ஸ்கி, கிரிசாந்தி, சோமர்ஸ்னு மூணு பேர் கணக்குப் போட்டு காட்டுனாங்க, நரம்பு செல்ல மாதிரியா வச்சு கணக்குல செஞ்ச செயற்கை நியூரான்கள தாறுமாறா இணைச்ச கூட்டத்துல, அதாவது நியூரல் நெட்வொர்க்குல, இணைப்போட பலம் ஒரு வரம்புக்குக் கீழ இருந்தா எல்லாம் அடங்கிரும், வரம்பத் தாண்டுனா வெளிலேருந்து யாரும் தூண்டாமலே கேயாஸா ஓடும்னு. வாய்க்கால் மதகக் கொஞ்சமா தூக்குனா தண்ணி வழுக்கிட்டுப் போகும், இன்னும் தூக்குனா சுழி போட ஆரம்பிக்கும்ல, அது மாதிரி.

இந்த ஓட்டத்தயே வேலைக்கு வச்சுக்கலாம்னு 2001ல ஹெர்பர்ட் யேகர் எக்கோ ஸ்டேட் நெட்வொர்க்க கொண்டு வந்தாரு, அதுல உள்ள இருக்குற இணைப்பையெல்லாம் தொடவே மாட்டாங்க, கடைசில விடை வெளிய வர்ற இணைப்ப மட்டும் பழக்குவாங்க. நரம்புலேருந்து பதிவு பண்ண சிக்னல கொஞ்ச நேரம் காட்டிட்டு, பிறகு அது சொன்ன விடையவே அதுக்குத் திருப்பிக் குடுத்து ஓட விட்டா முதல்ல அச்சு அசலா ஒட்டிப் போகும், அப்புறம் விலகும். ஆனா நல்லா பழகுன நெட்வொர்க்கா இருந்தா விலகுன பிறகும் துடிப்போட ஜாடை மாறாது, எவ்ளோ உயரம் போகுது, எப்படி அடங்குதுங்கிறதெல்லாம் நிஜ நரம்பு மாதிரியே இருக்கும். மாடல் சரியா இல்லையான்னு அந்த ஜாடைய வச்சுதான் பாக்கணும்னு நான் நினைக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை சிங்கி இறால்ல நடந்தது. அதோட வயித்த ஆட்டி வைக்கிற நரம்பு முடிச்சுல சுமார் 30 நியூரான்தான் இருக்கு. நியூரான் எப்படி துடிக்கும்னு ஹிண்ட்மார்ஷ், ரோஸ் ரெண்டு பேரும் 1984ல எழுதுன சமன்பாட்ட வச்சு கலிபோர்னியால ஆராய்ச்சி பண்றவங்க எலக்ட்ரானிக் நியூரான் செஞ்சு அந்த முடிச்சோட இணைச்சாங்க, கெட்டுப் போன ரிதம் திரும்பி வந்துச்சு! தனியா விட்டா கேயாஸா துடிக்கிற நியூரான், கூட்டத்தோட சேந்ததும் ஒழுங்கா துடிக்குது, இத எத்தன தடவ படிச்சாலும் எனக்கு ஆச்சரியம் தீரல.

கேள்வி: என் மகனுக்கு வலிப்பு இருக்கு. எப்ப வரும்னு இத வச்சு சொல்ல முடியுமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: இப்பவே நம்பி இருக்குற அளவுக்கு வரலைங்கய்யா. ஈஈஜில, அதாவது தலைல கம்பி ஒட்டி மூளையோட மின் துடிப்பப் பதிவு பண்றதுல, தசையோட மின் இரைச்சல், கண் சிமிட்டுறது எல்லாம் கலந்து வர்றதால கேயாஸப் பிரிச்சு எடுக்குறதே சிரமம், 1980கள்ல கண்டுபிடிச்சிட்டோம்னு சொன்னதுல பலது பின்னாடி சோதிச்சப்ப நிக்கல. ஆஸ்திரேலியால 15 பேருக்கு மண்டைக்குள்ள எலக்ட்ரோடு வச்சுப் பாத்தாங்க, முடிவு 2013ல வந்துச்சு, முன்கூட்டி சொல்றது முடியும்னு தெரிஞ்சுது, ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யல. தம்பிக்கு மாத்திரைய மட்டும் ஒரு வேளை கூட விட்றாதீங்க, வலிப்பு வந்த நாள், நேரம், முந்துன ராத்திரி தூங்குனானாங்கிறத ஒரு நோட்டுல எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.