தீப்பெட்டியோடு சேர்ந்த மாத்திரை அட்டை

சென்ற சனிக்கிழமை பள்ளத்தூரிலிருந்து ஒரு தகப்பனார் மகளோடு வந்திருந்தார். பெண் இப்போதுதான் பிளஸ் டூ போயிருக்கிறாள். "நீட்டில் மதிப்பெண் குறைந்தாலும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடலாம், வீட்டுப் பங்கை விற்றால் போயிற்று என்று சிங்கப்பூரில் இருக்கும் தம்பி சொல்கிறான். சரிதானே?" என்றார். காபி வரும்வரை ஆறுதலாகப் பேசினேன். உண்மையான பதிலை இங்கே சொல்கிறேன்.

சரியில்லை, அண்ணே. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. படித்து முடிக்க ஒரு கோடி ஆகும். பங்காளிகள் ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடிகிற வீட்டை நம்பியா இதில் இறங்குவது? தம்பி ஒரு வருடக் கட்டணத்தையாவது கட்டுவாரா என்று கேளுங்கள்.

மகளின் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அவளுடைய அப்பத்தா மாலையில் போடவேண்டிய பிரஷர் மாத்திரையை அடிக்கடி மறந்துவிடுகிறார். போனில் அலாரம் வைத்தால், அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறார். இவள் மாத்திரை அட்டையை விளக்கேற்றும் தீப்பெட்டியோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்தாள். அன்றிலிருந்து மாத்திரை அநேகமாகத் தவறவில்லை. நாள்வாரியாகக் குறித்தும் வைத்திருக்கிறாள்.

இதுவே ஒரு துறை, வடிவமைப்பு (டிசைன்) என்று பெயர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபாக் சொல்லும் கணக்கு இதுதான்: விருப்பம், செய்யும் எளிமை, நினைவூட்டல் மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால்தான் ஒருவர் ஒன்றைச் செய்வார். அலாரம் நினைவூட்டியது, ஆனால் அப்போது மாத்திரை கையில் இல்லை. சர்க்கரை நோயாளிக்கான செயலி, நடையை எண்ணும் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் இப்படி யோசித்து வடிவமைக்க ஆள் வேண்டும். நாள்தோறும் 10,000 அடி நடக்கவேண்டும் என்கிறோமே, அது மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த அளவாக வரவில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. அப்படிப்பட்ட எண்ணை எழுபது வயதுக்காரருக்கு இலக்காக வைக்கலாமா என்று கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல வடிவமைப்பாளர்.

படிப்பின் பெயர் பி.டெஸ்., அதாவது வடிவமைப்பில் இளநிலைப் பட்டம், நான்கு ஆண்டு. பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐஐடிகளில் இருக்கிறது. இதற்கான யூசீட் (UCEED) என்ற நுழைவுத் தேர்வை பம்பாய் ஐஐடி நடத்துகிறது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். ஒரு பகுதி கணினியில், மற்றொன்று தாளில் வரைவது. அழகாக வரையவேண்டும் என்று பயப்படவேண்டாம். யோசித்தது மற்றவருக்குப் புரியும்படி வரைந்தால் போதும். விண்ணப்பம் அக்டோபரையொட்டி, தேர்வு ஜனவரியில். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே முறைதான் எழுதலாம். எனவே "நீட் முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

இடம் கிடைக்கவில்லையா? பக்கத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் குறைந்த கட்டணத்தில் உளவியலோ கணினி அறிவியலோ படிக்கட்டும். பட்டம் வாங்கியபின் சீட் (CEED) என்ற தேர்வு எழுதி, மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் இடங்களில் எம்.டெஸ். என்ற முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்குப் போகலாம். எனக்கு அந்த வழியில் உளவியல் பட்டதாரிகள் மேல் தனி நம்பிக்கை உண்டு. ஆனால் கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டி லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் வடிவமைப்புக் கல்லூரிக்காக வீட்டுப் பங்கை விற்றால், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குச் சொன்ன பதில்தான் அதற்கும். வேலை பெரும்பாலும் பெங்களூர் போன்ற பெருநகரங்களில்தான். பெண்ணை அனுப்ப மனமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நோட்டில் மூன்று நாள் கட்டம் காலியாக இருந்தது. ஏன் என்று அவளிடமே கேட்டேன். பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு. விளக்கேற்றவில்லை, அப்பத்தா தீப்பெட்டியைத் தொடவில்லை, மாத்திரையும் நின்றுவிட்டது. அந்த மூன்று நாளுக்கு என்ன வழி என்று யோசித்துவரச் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அழைத்துவாருங்கள், அண்ணே. மதிப்பெண் பட்டியல் வேண்டாம், நோட்டு போதும்.