புறப்பட்ட கப்பல் ஏன் கரை திரும்புகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தங்கை மகள் சென்ற மாதம் குடும்பத்தோடு ஒரு சொகுசுக் கப்பலில் மூன்று இரவுப் பயணம் போனாள். மாலையில் கிளம்பிய கப்பல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்த வழியே திரும்பிவிட்டது. வலப்பக்கம் தெரிந்துகொண்டிருந்த கரை விளக்குகள் இடப்பக்கம் வந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கே விஷயம் தெரிந்ததாம். ஒலிபெருக்கியில் ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்று மட்டும் சொன்னார்கள். நள்ளிரவில் துறைமுகத்துக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு மறுபடியும் புறப்பட்டுப் போயிருக்கிறது. பழுதான கப்பலில் ஏற்றிவிட்டார்களே என்று இன்றும் புலம்புகிறாள். இப்படித் திரும்புவது உண்டா?
– வாசகி, வலங்கைமான்

பதில்: உண்டு. பாதி விடை தங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கப்பல் துறைமுகத்துக்குள் நுழையாமல் வெளியிலேயே ஒன்றரை மணி நேரம் நின்று, பிறகு அதே பயணத்தைத் தொடர்ந்திருக்கிறது. இயந்திரம் பழுதாகியிருந்தால் அது அவ்வளவு எளிதில் மறுபடியும் கிளம்பியிருக்காது. நிபுணர்கள் ஏறிச் சோதித்துச் சரிபார்க்கவே ஓர் இரவு போயிருக்கும். பெரும்பாலும் அன்றிரவு ஒரு நோயாளியைக் கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றே கொள்கிறேன். அது இன்னொரு பயணியின் உடல்நிலை பற்றிய செய்தி என்பதால் ஒலிபெருக்கியில் விவரம் சொல்ல மாட்டார்கள். பல கப்பல்களில் இதற்கென்றே குறிச்சொற்கள் இருக்கின்றன. ‘ஆல்ஃபா’ என்று அழைத்தால் மருத்துவ அவசரம், ‘பிராவோ’ என்றால் தீ, ‘ஆஸ்கர்’ என்றால் ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்று பொருள்.

பெரிய சொகுசுக் கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள், எக்ஸ்ரே, இ.சி.ஜி., செயற்கைச் சுவாசக் கருவி முதலியவையும் இருக்கும். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கவோ, வயிற்றுக்குள் இரத்தக் கசிவு என்றால் பெரிய அறுவை சிகிச்சை செய்யவோ பொதுவாக அங்கே வழியில்லை. இவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய நோய்களும் அல்ல. இந்த நிலையில் கேப்டன் போடும் கணக்கு எளியது: இவருக்குச் சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனை முன்னால் பக்கமா, பின்னால் பக்கமா? கப்பல் 18 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் அது கடந்திருப்பது ஏறக்குறைய கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு உள்ள தூரம்தான். அடுத்த துறைமுகமோ ஓர் இரவுத் தொலைவில் இருக்கும். முதல் இரவில் திரும்பும் கப்பலை மூன்றாம் நாள் இரவில் திருப்ப மாட்டார்கள். அப்போது முன்னால் இருக்கும் துறைமுகத்துக்கு வேகத்தைக் கூட்டுவார்கள். பயணிகள் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

நோய் ஏன் முதல் இரவைப் பார்த்து வருகிறது என்று கேட்கலாம். கப்பலேறும் நாளே அலைச்சலான நாள். விடியற்காலையில் ரயிலோ விமானமோ பிடித்து, வெயிலில் வரிசையில் நின்று, நேரத்துக்குச் சாப்பிடாமல் முதியவர்கள் ஏறுகிறார்கள். இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. பெரிய பெட்டிகளைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள்; அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம், சில வேளைகளில் இரவே ஆகிவிடும். இரத்த அழுத்த மாத்திரையும் இன்சுலினும் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும். மதிய மருந்தைத் தவறவிட்டவர் மாலையில் மேல்தளத்தில் நின்று கரைக்குக் கையசைத்துக்கொண்டிருப்பார். தங்கை மகள் மறுபடியும் கப்பலேறினால் மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெளியிலேயே நின்றதற்கும் காரணம் உண்டு. துறைமுகத்துக்குள் நுழைய வேண்டுமானால் உள்ளூர் நீரோட்டமும் ஆழமும் அறிந்த பைலட் ஒருவர் படகில் வந்து கப்பலில் ஏற வேண்டும், இழுவைப் படகுகள் வர வேண்டும், கப்பல்துறையில் இடம் காலியாக இருக்க வேண்டும். காலி செய்த இடத்தில் அதற்குள் வேறு சரக்குக் கப்பல் கட்டியிருக்கும். ஆகவே நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கப்பலின் பக்கவாட்டில் உள்ள இரும்புக் கதவைத் திறந்து, அலையில் ஏறி இறங்கும் சிறு படகின் தளம் கதவின் மட்டத்துக்கு வரும் அந்த ஒரு நொடியில் ஸ்ட்ரெச்சரை மாற்றுவார்கள். என் பாட்டனார் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வர ஆழம் போதாது என்பதால் நடுக்கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைப் படகில் இறக்குவார்களாம். ‘படகு மேலே வரும்போது கால் வை, கீழே போகும்போது வைக்காதே’ என்று படகுக்காரர் கத்தியதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆரோக்கியமான ஆளுக்கே அந்தப் பாடு என்றால், மூக்கில் குழாய் மாட்டிய நோயாளியை மாற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் அதிகமில்லை.

தொற்றுநோய்ச் சந்தேகத்தாலும் கப்பல் திரும்பியதுண்டு. 2020 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவரக் கிளம்பிய ‘குவாண்டம் ஆஃப் த சீஸ்’ கப்பலில் 83 வயது முதியவருக்குக் கொரோனா என்று சோதனை காட்டியதால் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள். மறு சோதனைகளில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. அதற்காகத் திரும்பியதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் இயந்திரப் பழுதால் திரும்புவதே இல்லையா? புறப்படும்முன் சோதித்துப் பார்க்க மாட்டார்களா?
– வாசகர், குத்தாலம்

பதில்: திரும்புகின்றன, சோதனையும் செய்கிறார்கள். ஆனால் நிற்கும்போது தெரியாத பழுதுகள் ஓடும்போதுதான் தெரியும். நம் பக்கத்தில் ஆயில் என்ஜின் வைத்து இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல. களத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடிய என்ஜின், பம்பை மாட்டி வாய்க்காலில் தண்ணீர் விழத் தொடங்கிய கால்மணி நேரத்தில் புகை கக்கும். இன்றைய சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் ஓடுகின்றன. அடித்தளத்தில் நான்கைந்து டீசல் ஜெனரேட்டர்கள் மின்சாரம் உண்டாக்க, அந்த மின்சாரத்தில் பின்புறச் சுழலிகள் சுற்றும். விளக்கு, குளிர்சாதனம், சமையலறை எல்லாமே அதே மின்சாரம்தான். துறைமுகத்தில் நிற்கும்போது ஒன்றிரண்டு ஜெனரேட்டர் போதும். கிளம்பி வேகமெடுக்கும்போதுதான் எல்லாவற்றின் மீதும் பாரம் ஏறுகிறது. தேய்ந்த பேரிங்கும் ஒழுகும் எண்ணெய்க் குழாயும் தம்மைக் காட்டிக்கொள்வது அப்போதுதான்.

புறப்பட்டவுடனேயே அடிபட்ட கப்பலும் உண்டு. 2006 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ‘குயின் மேரி 2’, கால்வாயின் பக்கச் சுவரில் உரசி, அடிப்பக்கம் தொங்கும் நான்கு உந்துபாகங்களில் ஒன்றைச் சேதப்படுத்திக்கொண்டது. மீதி மூன்றை வைத்துக்கொண்டு வேகம் குறைத்துப் பயணம் தொடர்ந்தது. நேரம் போதாததால் நடுவில் நிற்க வேண்டிய ஊர்களை விட்டுவிட்டு ரியோ டி ஜெனிரோவுக்குப் போனது. கப்பலை விட்டு இறங்க மாட்டோம் என்று பயணிகள் போராட்டம் அறிவித்த பிறகு கட்டணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதாவது, ஒரு பாகம் போனாலும் கப்பல் மூழ்கிவிடுவதில்லை. ஆனால் அட்டவணை மூழ்கிவிடுகிறது. பாதி வேகத்தில் போய் எந்த ஊரையும் பார்க்காமல் வருவதைவிடக் கிளம்பிய இடத்துக்கே திரும்புவது மேல் என்று நிறுவனங்கள் முடிவெடுப்பது இதனால்தான்.

திரும்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. 2010 நவம்பரில் லாங் பீச்சிலிருந்து கிளம்பிய மறுநாளே ‘கார்னிவல் ஸ்ப்ளெண்டர்’ கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை; ஆனால் மின்சாரம் மொத்தமாகப் போய், சூடான உணவில்லாமல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் தத்தளிக்க, அமெரிக்கக் கடற்படை ஹெலிகாப்டரில் உணவு கொண்டுவந்து இறக்கியது. கப்பலைச் சான் டியேகோவுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். 2019 மார்ச் 23 அன்று நார்வேக் கரையோரம் புயலில் சிக்கிய ‘வைக்கிங் ஸ்கை’ கப்பலில் நடந்தது இன்னும் பயங்கரம். தொட்டிகளில் உயவு எண்ணெய் குறைவாக இருந்தது. கப்பல் பலமாக ஆடியபோது குழாய்க்கு எண்ணெய் எட்டாமல் என்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நின்றுபோயின. கப்பல் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். இதற்கிடையே என்ஜினை உயிர்ப்பித்து, மறுநாள் கரைசேர்ந்தார்கள். உயவு எண்ணெய்க் குழாயில் அழுத்தம் குறைகிறது என்று ஒரு முள் காட்டியவுடன் கப்பலைத் திருப்பும் கேப்டனைக் கோழை என்று சொல்லத் தோன்றினால், இந்தக் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேசச் சட்டமும் இதே எண்ணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2010 ஜூலை 1 முதல் கட்டத் தொடங்கப்பட்ட பெரிய பயணிகள் கப்பல்கள், குறிப்பிட்ட அளவுக்குள் தீயோ வெள்ளமோ ஒரு பகுதியைப் பாழாக்கினாலும் மீதியைக் கொண்டு தாமே கரை திரும்பும்படியும், அதுவரை பயணிகளுக்குக் குடிநீர், கழிப்பறை, உணவு கிடைக்கும்படியும் அமைக்கப்பட வேண்டும். பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவில் கப்பல் முதலாளி குறுக்கிடக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

கேள்வி: புயல் வருவது நாலு நாள் முன்பே தெரிந்துவிடுகிறதே, பிறகும் கிளம்பிப் போய்ப் பாதியில் திரும்புவது ஏன்?
– வாசகர், வேளாங்கண்ணி

பதில்: புயல் வருவது தெரியும், அது எந்த மணிக்கு எந்த இடத்தில் எவ்வளவு பலமாக இருக்கும் என்பதுதான் தவறிப்போகிறது. 2016 பிப்ரவரி 6 அன்று நியூ ஜெர்சியிலிருந்து பஹாமாஸ் நோக்கிப் புறப்பட்ட ‘ஆந்தம் ஆஃப் த சீஸ்’, மறுநாள் முன்னறிவிப்பை விஞ்சிய காற்றில் சிக்கி, பயணிகள் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க, ஒருவழியாகக் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பியது. முன்னால் தொடர்ந்தால் அடுத்த புயலும் காத்திருந்தது.

நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய பயணிகள் படகுச் சேவை, வடகிழக்குப் பருவமழை காரணமாக ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்டது. அறுபது கடல் மைலுக்குக் குறைவான தூரம்தான். ஆனால் சிறிய அதிவேகக் கப்பலுக்கு வாடைக் கடல் ஆகாது. சொகுசுக் கப்பல் அலையைத் தாங்கும். அதன் தொல்லை காற்று. பதினைந்து மாடி உயரத்துக்குச் சுவர்போல் நிற்பதால், குறுகிய துறைமுக வாயிலில் பக்கக் காற்று அடித்தால் அதைக் கட்டுப்படுத்துவது கடினம். போகும் துறைமுகம் காற்றால் மூடப்பட்டது என்று செய்தி வந்தாலே பாதியில் திரும்பிவிடுவார்கள், அந்நேரம் கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சரி.

கேள்வி: தாமதமாக வந்த பயணிக்காகக் கப்பல் திரும்புமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: திரும்பாது. அவரே செலவழித்து அடுத்த துறைமுகத்துக்குப் போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்றால் உடனே திரும்பும். இரவில், விழுந்த இடம் தெரியாத நிலையில், முதலில் ஒரு பக்கம் அறுபது பாகை திருப்பிப் பிறகு எதிர்ப்பக்கம் முழுதாகச் சுழற்றி, தான் வந்த தடத்திலேயே திரும்பி ஓடும் முறை ஒன்றுண்டு. அதை வில்லியம்சன் திருப்பம் என்பார்கள்.

திரும்ப வேண்டிய கப்பல் திரும்பாமல் போன வேடிக்கையும் நடந்திருக்கிறது. 2022 ஜனவரியில் மயாமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘கிரிஸ்டல் சிம்பொனி’, எரிபொருள் பாக்கிக்காகக் கரையேறியதும் பிடிக்க நீதிமன்ற உத்தரவு காத்திருப்பதால், பயணிகளோடு பஹாமாஸின் பிமினிக்குத் திசைமாறியது. கடன்காரர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறமாகப் போவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது.

கேள்வி: சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் சொகுசுக் கப்பலில் நம் கரைக்கு நேரே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், நாகப்பட்டினத்துக்கு வரக்கூடாதா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: கப்பலால் வர முடியாது, நாகையில் அதற்குரிய ஆழமில்லை. சென்னையிலிருந்து நாகைக்கு நேராக வரவே ஏறக்குறைய 140 கடல் மைல், அதாவது ஏழெட்டு மணி நேரம். அங்கிருந்து சென்னைக்குத் திரும்புவதும் பொருத்தமில்லை. கேப்டன் சென்னையிலுள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தை அழைப்பார். காரைக்காலில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. தொலைவும் கடலும் இடம்கொடுத்தால் ரோந்துக் கப்பலோ ஹெலிகாப்டரோ வரும். இல்லையென்றால் இலங்கைத் துறைமுகமே கிட்டத்தில் இருக்கும்.

கேள்வி: பாதியில் திரும்பினால் பணம் கிடைக்குமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: தாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பாதுகாப்புக்காகவும் மருத்துவ அவசரத்துக்காகவும் பாதையை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை கொடுத்திருப்பீர்கள், சில மணி நேரத் தாமதத்துக்கு ஒன்றும் தேறாது. இயந்திரப் பழுதால் பயணமே ரத்தானால் நிலைமை வேறு. உலக அளவிலான சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் 2013-ல் ஏற்றுக்கொண்ட பயணியர் உரிமைப் பட்டியலில், அத்தகைய ரத்துக்கு முழுத் தொகையும், பாதியில் முடிந்த பயணத்துக்குப் பகுதித் தொகையும் உண்டு. தர மறுத்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கப்பல் எங்கிருந்து கிளம்பியிருந்தாலும், தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். அதற்குக் காரணம் எழுத்தில் வேண்டும். கப்பலை விட்டு இறங்குமுன் வரவேற்பு மேசையில், ஏன் திரும்பினோம் என்று தேதியிட்டு ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு அதே கடிதத்தைப் பெறுவது பெரும்பாடு.