குத்தகை நிலத்தில் காட்டுப்பன்றி

கேள்வி: கோத்தகிரி அருகே குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடுகிறேன். இரவில் காட்டுப்பன்றிகள் பாத்திகளைக் கிளறிவிடுகின்றன. நண்பரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. என் நிலத்துக்குள் சுடலாமா?

பதில்: கூடாது. நிலம் சொந்தமானாலும் குத்தகையானாலும், துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டைக் குற்றமே. நீலகிரியில் 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று வேட்டையாடிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தமிழக அரசு 2025இல் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை மட்டுமே, அதுவும் வனத்துறையினரே சுடலாம். சுருக்குக்கம்பி, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) ஆகியவற்றை நினைக்கவே வேண்டாம். அவற்றில் யானையும் கரடியும் சிக்கித் துடித்துச் சாகின்றன.

பன்றி தலையைத் தாழ்த்தி, வேலிக்கு அடியில் மண்ணை முட்டிப் புகும் விலங்கு என்பதால், சூரிய மின்வேலியின் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட வேண்டும். பனியில் நனைந்த புல் அக்கம்பியைத் தொட்டால் மின்னதிர்வு மண்ணுக்குள் இறங்கி வேலி செத்துவிடும். ஆகவே காலையில் முதல் வேலையாக வேலியோரம் நடந்து புல்லை அறுத்துவிடுங்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுப்பது உயிர்க்கொலைக்குச் சமம். பகலில் பன்றி பதுங்கும் உண்ணிச்செடிப் புதர்களை வெட்டுங்கள். சேதத்தை அன்றே படமெடுத்து, குத்தகைப் பத்திர நகலுடன் வனச்சரகரிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பியுங்கள்.