கின்ட்சுகி என்றால் என்ன? உடைந்ததை மறைக்காமல் ஏன் காட்டுகிறார்கள்?

உடைந்த பீங்கான் கோப்பையை ஒட்டி, அந்த விரிசல் மேலேயே தங்கப் பொடி தூவிப் பளிச்சென்று காட்டும் ஜப்பானிய வேலைதான் கின்ட்சுகி. கின் என்றால் தங்கம், ட்சுகி என்றால் இணைப்பு. ஏன் மறைப்பதில்லை? தேநீர்ச் சடங்கில் ஊறியவர்களுக்கு ஒரு கோப்பை எத்தனை கை மாறியது, எங்கே அடிபட்டது என்பதெல்லாம் அதன் கதை. அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கோப்பை. நம் வீட்டில் பிடி உடைந்து கம்பி சுற்றிய தோசைத்திருப்பி ஒன்று கிடக்குமே, புதிதாக நாலு வாங்கிப் போட்டாலும் அம்மா கை அதைத்தான் தேடும், அந்த மாதிரி. மனிதர்களின் குறைகளுக்கும் பட்ட அடிகளுக்கும் இதை உவமையாகச் சொல்வது அதனால்தான் (அதற்காக வேண்டுமென்றே போட்டு உடைக்க வேண்டாம், சரியா). அப்புறம், தங்கத்தை உருக்கி ஊற்றி ஒட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒட்டுவது உருஷி என்ற மரப்பால், அது ஈரக்காற்றில் நாள்கணக்கில் மெல்ல இறுகும், தங்கம் மேலே தூவும் பொடி மட்டும்தான்.